ஆறு மணித் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

இதை நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. சாட்சி இஸிடோரின் வாளிகள் பச்சை என்று நான் நினைக்கிறேன். யூஸ்தினா நீலம் என்று அடித்துச் சொல்கிறாள். அன்று பனி விழுந்ததா, மழையா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றதையெல்லாம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருடம், நவம்பர். லிவிவ் நகரில் அப்போது குழாயில் தண்ணீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வரும், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வரும். மற்ற நேரத்தில் குழாய் வெறும் அலங்காரம். நான் அரசு வழக்குத் துறையில் பதினெட்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்து, ஒரு கோப்பில் பொய் எழுத மறுத்து, வீட்டுக்கு வந்தவன். பிறகு வக்கீல்களுக்காக ஊரைச் சுற்றி விசாரித்துக் கொடுத்துப் பிழைத்தேன். உதவிக்கு யூஸ்தினா. முன்பு டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஆளின் முகத்தைப் பார்க்காமல் காலணியைப் பார்த்தே டிக்கெட் எடுத்தானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்கு நான் பான் ஸெனோன், அதாவது ஸெனோன் ஐயா; இவள் மட்டும் என்னை 'வூய்கோ' என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனை அப்படித்தான் அழைப்போம். அவளுக்கு நான் எந்த மாமனும் இல்லை.

வழக்கு மார்கியான் ஜூண்ட்ஸாவுடையது. 'ஒன்பதாம் நம்பர் டிராம்' என்ற ராக் குழுவின் பாடகன். முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், சோவியத் காலத்தில், கலாசாரத் துறை அதிகாரி செவெரின் பாலியூக் அவனை இசைப் பள்ளியிலிருந்து துரத்தி, ஒலிநாடாக்களை அவன் கண் முன்னாலேயே மிதித்து உடைத்தவர். நாடு மாறியது. பாலியூக் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, எங்கள் தேசிய உடையான பூ வேலை செய்த சட்டையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மார்கியான் அந்த நாற்காலியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். அதைப் பாட எந்த அரங்கமும் கிடைக்காதபடி பாலியூக் பார்த்துக்கொண்டார். கடைசியில் மார்கியான் ஒரு சாப்பாட்டுக் கடை மேடையில் நின்று, அவர் வீட்டு வாசலுக்கே போய்ப் பாடுகிறேன் என்று இருநூறு பேர் முன்னால் சொன்னான்.

சொன்னபடி போனான். ஒரு வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, மூன்றாம் மாடியில் பாலியூக்கின் மூடிய கதவுக்கு முன்னால் கிதாரோடு நின்று முழுப் பாட்டையும் பாடினான். கட்டிடமே கேட்டது. எட்டரைக்குக் காவல்காரி ரொஸாலியா அம்மாள், எங்கள் பேச்சில் 'பானி' ரொஸாலியா, மாடிப்படி துடைக்க வந்தபோது கதவு பூட்டாமல் இருந்தது. உள்ளே பாலியூக் குளியலறைத் தரையில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், பைப் ரெஞ்சால் மண்டை உடைந்து கிடந்தார்.

ரெஞ்சில் தெளிவாக எதுவும் பதியவில்லை; கதவுக் கைப்பிடியில் மார்கியானின் விரல் ரேகை. போலீசுக்கு வேறு என்ன வேண்டும்?

*

விசாரணைச் சிறையில் அவனைப் பார்க்க எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். மேஜையில் ஒரு தாள் கிடந்தது. விசாரணை அதிகாரி ஹ்ரின்கோ தட்டெழுதி அனுப்பியது. ஆத்திரத்தில் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் எட்டு வருடத்தோடு முடியும். போடாவிட்டால் திட்டமிட்ட கொலை. அப்போது மரண தண்டனை சட்டத்தில் இன்னும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணி வரை அவகாசம்.

மார்கியான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ பாட்டுக்கு வரி எழுதிவைத்திருந்தான்.

யூஸ்தினா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, தாள் வீணாகவில்லை என்றாள்.

வருந்துகிறாயா என்று கேட்டேன். எதற்கு என்று திருப்பிக் கேட்டான்.

"செத்த ஆளு வாசல்ல பாடினதுக்கா? அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாது, பான் ஸெனோன். தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா பாடியிருப்பேன்."

"இதை மட்டும் நீதிபதி முன்னாடி சொல்லிடாதப்பா," என்றாள் யூஸ்தினா. "எட்டு வருஷம்னு சொன்னவங்க எழுந்து நின்னு கைதட்டிட்டு சுட்டுருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. அன்று மாலை போனான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினான், பதில் இல்லை, திறந்து பார்க்கவில்லை, பாடினான், இறங்கிப் போனான். அவன் கதை அவ்வளவுதான். அதற்கு முன் எங்கே இருந்தாய் என்றேன். வேறு தெருவில் ஒரு நிலவறையில் ஒத்திகை, நாலு மணியிலிருந்து என்றான். ஐந்தரைக்கு யாரோ சத்தம் தாங்காமல் புகார் கொடுக்க, போலீஸ் வந்து அறிக்கை எழுதியது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். அந்தத் தகராறிலேயே ஏழு மணியாகிவிட்டது. கொலை ஏழரைக்குப் பிறகு என்று போலீஸ் சொன்னதால், அந்த அறிக்கையால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

பிறகு நான் பேசாமல் உட்கார்ந்தேன். எனக்கு அது பழக்கம். எதிரில் இருப்பவர் அந்த மௌனத்தில் தானாக எதையாவது போட்டு நிரப்புவார்.

மார்கியான் நிரப்பினான். "ஒண்ணுதான் எனக்கு ஏமாத்தமா போச்சு. மோட்டார் ஓடல."

எந்த மோட்டார் என்றேன்.

இரண்டு வருடம் முன்பு அரங்கம் கேட்டு அந்த வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறான். பாலியூக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர். மாலை ஆறு மணிக்குப் போட்டால் ஒன்பது வரை நிறுத்த மாட்டார். மாடிப்படி முழுக்க ஒரே சுருதியில் முனகும். அந்த முனகலைத் தம்புரா மாதிரி பின்னால் வைத்துக்கொண்டு பாட வேண்டும் என்றுதான், தண்ணீர் நேரம் பார்த்து ஏழரைக்குப் போனானாம். கிதாரைக்கூட அந்தச் சுருதிக்கு இறக்கி வைத்திருந்தான்.

"போனா ஒரே நிசப்தம். சுருதி இல்லாம பாடினேன். இதை யாரும் என்னைக் கேக்கல. நான் என்ன கத்தினேன்னுதான் கேட்டாங்க. என்ன கேட்டேன்னு கேக்கல."

*

டிராமில் யூஸ்தினா சாட்சிகளின் வாக்குமூல நகல்களை மடியில் பரப்பிக்கொண்டாள். எதிர் சீட்டுக்காரரின் காலணியை ஒருமுறை பார்த்து, டிக்கெட் இல்லை என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டு, முக்கியமான வாக்குமூலத்தை எடுத்துப் படித்தாள். பாலியூக்குக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருக்கும் இஸிடோர் க்விட், ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், கொடுத்தது. வழக்கே அதன் மேல்தான் நின்றது.

'ஆறு மணிக்கு வழக்கம்போல் குளியல் தொட்டிக்கு அடைப்பை வைத்துக் குழாயைத் திறந்தேன். ஏழரை மணிக்குத் தொட்டி நிறைந்து குழாயை மூடியபோது கீழே அந்தப் பாடகன் கத்துவது கேட்டது. பாட்டு முடிந்து சிறிது நேரத்தில் கதவு திறக்கும் சத்தம், ஒரு அலறல், ஏதோ கனமாக விழும் சத்தம்.'

அதை நான் நான்காவது தடவையாகக் கேட்டேன். ஹ்ரின்கோ எத்தனை தடவை படித்தாரோ. அடுத்த வேளைக்குத் தண்ணீர் சேர்க்க ஆறு மணிக்கு அடைப்பை வைத்துக் குழாயைத் திறப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வது. நானும் செய்கிறேன், ஹ்ரின்கோவும் செய்வார். மூச்சு விட்டேன் என்று ஒருவர் எழுதினால் யார் நின்று யோசிப்பார்கள்?

யூஸ்தினாவுக்கு வேறொன்று உறுத்தியது. பாடகன் கதவைத் தட்டுகிறான், பாலியூக் திறக்கிறார். பின் ஏன் குளியலறையில் செத்தார்?

"எங்க வீட்ல விருந்தாளியை சமையலறையில உக்கார வெப்போம். பெரிய மனுஷங்க கூடத்துல உக்கார வெப்பாங்க. மோட்டார் பக்கத்துல எவனும் உக்கார வெக்க மாட்டான், வூய்கோ. மோட்டாரைப் பத்திப் பேச வந்தவனைத் தவிர."

இரண்டு நிறுத்தம் கழித்துச் சொன்னேன், மோட்டார் ஏழரைக்கு ஓடவில்லை என்றால் அதை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது ஆறு மணிக்கு அதைப் போட ஆள் உயிரோடு இல்லை. அவள் காகிதங்களை மெதுவாக அடுக்கினாள்.

*

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தக் கட்டிடத்தின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தின் நடுவில் ஒரு இரும்புக் குழாய். அங்கே வாளிகளோடு ஒரு வரிசை நிற்கும், நாலு பேரைப் பிடித்துப் பேசலாம் என்று நினைத்துத்தான் அந்த நேரம் பார்த்து வந்தது. யாருமே இல்லை. பானி ரொஸாலியா மட்டும் துடைப்பத்தோடு நின்றாள்.

வரிசை எங்கே என்று கேட்டோம். இப்போது யாரும் கீழே வருவதில்லை என்றாள். பாலியூக் போனதிலிருந்து நான்காம் மாடி வரை தண்ணீர் ஏறுகிறது. அவர் மோட்டார் வைத்து மூன்று வருடம். ஆறு மணி அடித்ததும் அது முழுக் கட்டிடத்துத் தண்ணீரையும் இழுத்து அவருடைய தொட்டியில் போடும். மேல் மாடிக் குழாய்கள் இருமும், ஒரு சொட்டு வராது. மூன்று குடும்பங்கள் மூன்று வருடம் இந்த முற்றத்துக் குழாயில் பிடித்து மேலே தூக்கிப் போயின. புகார் கொடுத்தார்கள். புகார்கள் போய்ச் சேர்ந்த மேஜைகளில் எல்லாம் பாலியூக்கின் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது. அதனால நான் அவரைப் பத்தி ஒண்ணும் பேசல," என்றாள்.

"நல்ல பழக்கம், பானி. இதுவரை நாலு நிமிஷமா பேசாம இருக்கீங்க," என்றாள் யூஸ்தினா. ரொஸாலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு தடையே இல்லை.

அன்று பாலியூக் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கு வரிசையிலும் நின்றாள், தன் மாடிப்படி வாளியோடு. நான்காம் மாடி எதிர் வீட்டுத் தையல்காரி வந்தாள், மூன்றாம் மாடி நர்ஸ் வந்தாள். பிடித்து, மூச்சு வாங்க மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, மேலே வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் வருகிறது என்று. தையல்காரி படியில் உட்கார்ந்து சிரித்தாளாம், வீணாகத் தூக்கிவிட்டோமே என்று. மோட்டார் கெட்டுப்போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்களாம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. மூன்று குடும்பம் என்றீர்கள். இரண்டு பேரைத்தான் சொன்னீர்கள்.

பான் இஸிடோர் எப்போதும் முதல் ஆள் என்றாள் ரொஸாலியா. இரண்டு எனாமல் வாளி. அவர் மனைவி மெலானியா நான்கு வருடமாகப் படுக்கையில். ஒரு நாளைக்கு எட்டு வாளி வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் வருவார், மூட்டு வலியோடும் வருவார். அன்றைக்கு மட்டும் வரவில்லை. மனைவிக்கு அதிகமாகிவிட்டது போல என்று நினைத்தார்களாம்.

யூஸ்தினாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. வாக்குமூலத்தின் அந்த முதல் வரி அவளுக்கும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். வழக்கம்போல் அடைப்பை வைத்துக் குழாயைத் திறந்தேன்.

அந்த வீட்டில் மூன்று வருடமாக அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

ஊரில் எல்லோருக்கும் அது வழக்கம். அவருக்கு மட்டும் இல்லை. ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர்தானே, எழுதும்போது கை தானாக எழுதிவிட்டது.

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மார்கியான் பென்சிலால் எழுதிய தாளும் நினைவுக்கு வந்தது. படியேறினேன்.

*

இஸிடோர் க்விட் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காலித் தொட்டியின் அடியில் விழும் கனமான சத்தம். ஆறு மணி தாண்டியிருந்தது. எழுபது வயது இருக்கும். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். பால்கனிக் கதவோரம் இரண்டு வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கூடத்துக் கட்டிலில் மெலானியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுவரில் ஆறுகளின் வரைபடம்.

அவர் தேநீர் போட்டார். பிளம் ஜாம் வைத்தார். நாங்கள் பாடகனின் தரப்பு என்று சொன்னோம். தலையசைத்தார். தான் கேட்டதைத்தான் சொன்னதாகச் சொன்னார், வாக்குமூலத்தில் இருந்த அதே வார்த்தைகளில்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க ஏன் வாளி எடுத்துட்டுக் கீழே போகல, பான் இஸிடோர்?"

மேலேயே தண்ணீர் வந்ததே என்றார்.

"வந்தது சரி. மத்தவங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது. கீழே போய்ப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்துதான் பாத்தாங்க. ஆறு மணிக்கு மோட்டார் போட ஆள் இல்லைன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மாறியிருந்தது. இப்போது தண்ணீர் மேல் தண்ணீர் விழுந்தது. அவர் வரைபடத்தைப் பார்த்தார். நான் எதையும் சொல்லி அவருக்கு உதவவில்லை.

"இந்த ஊருக்கு அடியில ஒரு ஆறே ஓடுது," என்றார் கடைசியில். "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன். பொல்த்வா. மேலே மூடி ரோடு போட்டுட்டாங்க. காலடியில ஆறு, என் பொண்டாட்டி மேல கழுவ ஒரு வாளி இல்ல."

அதற்குப் பிறகு அவரே சொன்னார். ஐந்தேமுக்காலுக்குக் கீழே போனார். சண்டைக்கு அல்ல. வாரத்தில் ஒரே ஒரு மாலை, வியாழக்கிழமை மட்டும், மோட்டாரை அரை மணி தாமதமாகப் போடும்படி கேட்கத்தான். பாலியூக் நடந்துகொண்டே கேட்டார். குளியலறை வரைக்கும் பின்னாலேயே போனார் இஸிடோர். முற்றத்தில் குழாய் இருக்கிறதே, நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி, மோட்டாரின் வால்வைத் திறக்கப் பாலியூக் குனிந்தார். ரெஞ்சு பக்கத்தில் இருந்தது.

"அந்த ஆளுக்காக நான் வருத்தப்படல. நீங்க கேட்டாலும் படமாட்டேன். மேலே வந்தேன். அடைப்பை வெச்சேன். ஆறு மணிக்குத் தண்ணி விழுந்துது, மூணு வருஷம் கழிச்சு. நான் சந்தோஷப்பட்டேன், பான் ஸெனோன். அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

"பாடகனை எதுக்கு இழுத்தீங்க?" என்றாள் யூஸ்தினா. அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நான் இழுக்கலம்மா. அவனே வந்து வாசல்ல நின்னான். போலீஸ் வந்தப்போ கட்டிடமே அவன் பேரைத்தான் சொல்லுச்சு. நான் ஒரு அலறலை மட்டும் சேத்தேன்." சற்று நிறுத்தினார். "நான் போயிட்டா இவளைத் தூக்கி உக்கார வெக்க யாரும் இல்ல."

நாளை காலை பத்து மணிக்கு அவன் கோப்பு போய்விடும் என்றேன். சுவரோடு நிறுத்துவார்கள் என்றேன். முப்பத்து நாலு வயசு என்றேன்.

அவர் மனைவியின் போர்வையைச் சரி செய்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"தொட்டி நிறையட்டும். நாளைக்கு இவளுக்கு வேணும்."

காத்திருந்தோம். முழுத் தொட்டி நிறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நால்வரும் அந்த அறையில் இருந்தோம். யாரும் பேசவில்லை. நான் என் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன், பெரும்பாலும் மற்றவர்களைப் பேச வைப்பதற்காக. அந்த மௌனத்தில் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஏழரைக்கு அவர் எழுந்து போய்க் குழாயை மூடினார். கைகளைத் துடைத்துக்கொண்டு மேல்கோட்டை எடுத்தார்.

யூஸ்தினா வரவில்லை. அன்றிரவு மெலானியாவோடு அங்கேயே இருந்துவிட்டாள்.

*

ஹ்ரின்கோ முதலில் நம்பவில்லை. அவர் முன்னால் அந்த வாக்குமூலத்தை வைத்து, முதல் வரியின் கீழ் நகத்தால் கோடு போட்டேன். பாலியூக் ஐந்து மணிக்கு உயிரோடு வந்தார், ஆறுக்கு மோட்டார் போட ஆள் இல்லை. அந்த நேரம் முழுக்க மார்கியான் எங்கே இருந்தான் என்பதற்குப் போலீசே எழுதிய அறிக்கை இருந்தது. நேரம், இரண்டு சாட்சிகள், கீழே 'கையெழுத்திட மறுத்தார்' என்ற குறிப்பு. அன்று அவன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஐந்தே முக்காலுக்கே அவனை விட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் மார்கியான் வெளியே வந்தான். நானும் யூஸ்தினாவும் வாசலிலேயே காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னோம். அவன் டிராம் நிறுத்தம் வரை எங்களோடு நடந்தான்.

"அப்போ என் பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா?" என்றான்.

"இல்லப்பா," என்றாள் யூஸ்தினா. "ஒரு மோட்டார்கிட்ட தோத்துட்ட."

இஸிடோர் க்விட்டுக்கு ஒன்பது வருடம் தண்டனை கிடைத்தது. நான்காவது வருடம் சிறை மருத்துவமனையில் இறந்தார். மெலானியாவை ட்ரோஹோபிச்சிலிருந்து தங்கை வந்து கூட்டிப்போனாள். அவள் கணவரைவிட ஆறு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தாள். இஸிடோரின் தண்டனையைக் குறைக்கக் கோரி ஒரு மனு போனது. அதில் முதல் கையெழுத்து மார்கியானுடையது. அரசாங்கத் தாளில் அவன் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மனு தள்ளுபடியானது. நாற்காலிப் பாட்டை அவன் இன்றும் பாடுகிறான், அரங்கம் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை. ஹ்ரின்கோ பதவி உயர்ந்து ஓய்வு பெற்றார். யூஸ்தினா தனியாக அலுவலகம் வைத்திருக்கிறாள், என்னை விட நன்றாக நடத்துகிறாள். பாலியூக்கின் வீட்டை வாங்கியவர் அந்த மோட்டாரை மறுபடி போட்டார். பானி ரொஸாலியாவும் தையல்காரியும் நர்ஸும் ஐந்து வருடம் மீண்டும் வாளி தூக்கினார்கள். பிறகு நகரில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வர ஆரம்பித்தது, மோட்டாருக்கு வேலை போனது.

நான் இப்போதும் மாலை ஆறு மணிக்குத் தொட்டிக்கு அடைப்பை வைக்கிறேன்.